சட்டம் வந்தது, அநியாயம் நின்றதா?



வியாபாரம் என்றால் என்ன? பொருள் இல்லாத இடத்திற்குப் பொருளைக் கொண்டு சேர்ப்பது. அந்த உழைப்புக்கு லாபம் உண்டு. அதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால், எல்லோருக்கும் கிடைக்கக்கூடியதை மொத்தமாக வளைத்துப் போட்டு, தட்டுப்பாட்டை உண்டாக்கி, பிறகு பல மடங்கு விலை சொன்னால் அது வியாபாரமா? பதுக்கல் அல்லவா?

அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 2015ல் நடக்கவிருந்த யு2 குழுவின் இசை நிகழ்ச்சிக்கு, 2014 டிசம்பரில் இணையத்தில் டிக்கெட் விற்றார்கள். ஒருவருக்கு நான்கு டிக்கெட்தான் என்று கட்டுப்பாடு. ஆனால் ஒரே ஒரு தரகர், 'பாட்' எனப்படும் கணினி நிரலை ஏவிவிட்டு, ஒரு நிமிடத்திற்குள் 1,012 டிக்கெட்டுகளை அள்ளிவிட்டார்! இதை 2016 ஜனவரியில் அம்மாநில அட்டர்னி ஜெனரலின் அறிக்கையே அம்பலப்படுத்தியது. நேர்மையாகக் காத்திருந்தவன் ஏமாந்தான்.

மக்கள் கொதித்தார்கள். 2016 டிசம்பரில் 'பாட்ஸ் சட்டம்' வந்தது. 200 பேருக்கு மேல் அமரும் அரங்குகளின் நிகழ்ச்சிகளுக்கு, இணையதளத்தின் கட்டுப்பாட்டை ஏமாற்றி டிக்கெட் வாங்குவது சட்டவிரோதம். அப்படி வாங்கியது என்று தெரிந்தே விற்பதும் சட்டவிரோதம். கவனியுங்கள்: மறுவிற்பனையை அச்சட்டம் தடுக்கவில்லை, மோசடியைத்தான் தடுத்தது.

சரி, அநியாயம் நின்றதா? அச்சட்டத்தின்படி மத்திய வர்த்தக ஆணையம் முதல் வழக்குகளைத் தொடுத்ததே 2021 ஜனவரியில்தான். நான்கு ஆண்டுகள் சட்டம் தூங்கியது! மூன்று தரகு நிறுவனங்களுக்கு மொத்தம் 3 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் அபராதம். ஆனால் கட்ட வசதியில்லை என்று கூறி, 37 லட்சம் டாலரோடு தப்பினார்கள். 2025 மார்ச்சில் அந்நாட்டு அதிபரே, 'இச்சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்துங்கள்' என்று உத்தரவு போட வேண்டியதாயிற்று.

இளைஞர்களே, சிந்தியுங்கள்! சட்டம் கேட்டுக் குரல் கொடுப்பது பாதி வேலைதான். எத்தனை வழக்குப் போட்டீர்கள், எவ்வளவு வசூலித்தீர்கள் என்று அதிகாரிகளைக் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் மீதி வேலை. கேட்பாரற்ற சட்டம் வெறும் காகிதம்!

வணிகர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கருவி புதிதாக இருக்கலாம், பதுக்கல் பழையதுதான். வாடிக்கையாளரை முந்திக்கொண்டு பறிப்பதில் வரும் லாபம் நமக்கு வேண்டாம். அவருக்குப் பொருளைக் கொண்டு சேர்ப்பதில் வரும் லாபமே போதும்.