சர்க்கரை நோய் எல்லோருக்கும் ஒன்றல்ல
(மாதாந்திரக் கூட்டத்தில் நமது அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



"சுகர்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதில் பல வகை உண்டு. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை உங்களுக்குப் பொருந்தாது.

முதல் வகை பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருவது. இன்சுலின் சுரப்பதே நின்றுவிடும். நாட்டு மருந்தை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

இரண்டாம் வகைதான் நம்மில் அதிகம். இன்சுலின் சுரந்தாலும் சரியாக வேலை செய்யாது. மூன்று வேளையும் அரிசி, நடை குறைவு, பரம்பரை எல்லாம் இதற்குத் துணை போகின்றன.

கர்ப்ப காலத்தில் வருவது பிரசவத்தோடு மறைந்தாலும், பின்னாளில் திரும்பலாம். அந்தத் தாய்மார்கள் தொடர்ந்து சோதித்துக்கொள்ள வேண்டும்.

"ஒல்லியானவருக்கு வராது" என்பதும் தவறு. இளமையில் சத்துணவின்றி வளர்ந்தவர்களுக்கு வரும் நோயை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் ஆராய்ந்து வந்தனர். 2025-ல் பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு அதை ஐந்தாம் வகையாக ஏற்றது.

ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கலந்துகொள்ளுங்கள். நோன்பில் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-ஐத் தாண்டினாலும் உடனே நோன்பை விடுங்கள். நோயாளிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது.

2021 முதல் "மக்களைத் தேடி மருத்துவம்" ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். கதவைத் திறந்து சோதித்துக்கொள்ளுங்கள். முப்பது வயதைத் தாண்டிய எவரும் தள்ளிப்போட வேண்டாம்.