எல்லை கடக்குமுன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



புலமை மிக்கோர் பேசும் இம்மேடையில், பத்தாம் வகுப்பு வரை பயின்ற புகைவண்டி எழுத்தராகிய யாம் எதைப் பேசுவது என்று தயங்கினோம். "நேபாளம் போய்வந்தபோது பட்ட பாட்டைச் சொல்லுங்கள், அது பலருக்கு உதவும்" என்றார் செயலாளர். வரும் கோடை விடுமுறையில் நம் காலனிக் குடும்பங்கள் சில காத்மாண்டுக்கும் இலங்கைக்கும் செல்லவிருப்பதால் இசைந்தோம்.

இரண்டாண்டுகட்கு முன், அன்னையார், துணைவியார், பதினாறு வயது மகள் ஆகியோருடன் பசுபதிநாதரைத் தரிசிக்கப் புறப்பட்டோம். செகந்தராபாத்தில் வண்டியேறி, ரக்சௌலில் இறங்கி, குதிரை வண்டியில் எல்லையைக் கடந்து பீர்கஞ்சு சேர்ந்தோம். எம்மை ஒருவரும் ஒன்றும் கேட்டிலர். 1950ஆம் ஆண்டில் இரு நாடுகளும் செய்த உடன்படிக்கையின் வழியே நம்மவர்க்கு அங்கே விசா வேண்டுவதில்லை. "லாலாகுடாவிலிருந்து மௌலாலிக்குப் போவது போலல்லவா இருக்கிறது!" என்று அன்னையார் வியந்தார்கள். அந்த எளிமைதான் எம்மை ஏமாற்றிற்று.

திரும்பும்போது வானூர்தி. காத்மாண்டு நிலையத்தில், மகளின் ஆதார் அட்டையைப் பார்த்த பணியாளர், இது செல்லாது என்று திருப்பித் தந்தார். வான்வழிப் பயணத்திற்குக் கடவுச்சீட்டோ, தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டையோ வேண்டும். அறுபத்தைந்து வயதைக் கடந்தோரும் பதினைந்துக்குக் குறைந்தோரும் மட்டும் ஆதாரைக் காட்டலாம். அன்னையாருக்கு அறுபத்தெட்டு, தடையில்லை. எமக்கும் துணைவியாருக்கும் வாக்காளர் அட்டை இருந்தது. பதினைந்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்ட பிள்ளைகள் பள்ளித் தலைமையாசிரியரிடம் உரிய படிவத்தில் சான்று பெற்றுச் செல்ல வேண்டுமாம். அப்படியொரு படிவம் உண்டென்பதையே யாம் அறியோம்.

குடும்பமாகச் செல்வோருள் பெரியவர் ஒருவரிடம் உரிய ஆவணம் இருந்தால், ஏனையோர் படமும் உறவும் விளங்கும் சான்று காட்டினாற் போதும் என்று வேறொரு விதியும் உண்டு. அதை அவரே சொன்னார். பள்ளி அட்டையை நீட்டினோம். அதில் கண்ட தந்தை பெயரும் எமது வாக்காளர் அட்டையில் கண்ட பெயரும் ஒத்துவரவில்லை. மகளின் பெயரில் ழகரம் உண்டு. பள்ளியார் அதனை 'இசட் எச்' என எழுதியிருந்தனர். ஆதாரில் வெறும் 'எல்'. "இவள் உங்கள் மகள்தானா?" என்று கேட்டார் அவர். கடமைக்காகக் கேட்டார், குற்றமில்லை. எனினும் மகள் முகம் வாடியதை யாம் மறக்க முடியவில்லை.

அன்னையார் மெல்லத் தம் பையைத் திறந்தார்கள். இரத்த அழுத்த மாத்திரைகளுக்கிடையே பழைய இரயில்வே மருத்துவ அட்டை இருந்தது. குடும்பத்தார் படமும், பெயரும், உறவும் அதில் ஒருங்கே இருந்தன. அதனைப் புரட்டிப் பார்த்து எம்மை விட்டார்கள். கடைசியாக வானூர்தியில் ஏறியவர்கள் யாமே.

இத்தொல்லை எம் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தைப் பெயருக்கு முன் வைப்போம். இங்குள்ளோர் "இண்ட்டி பேரு ஏமி?" என்று வீட்டுப் பெயரைக் கேட்பர், நமக்கோ அது கிடையாது. ஓரிடத்தில் தந்தை பெயரைச் சொல்வோம்; ஓரிடத்தில் ஊர்ப்பெயரைச் சொல்வோம். பெண்களுக்குத் திருமணத்தின்பின் முதலெழுத்தும் மாறிவிடும். வாக்காளர் அட்டையில் பெயர் தெலுங்கு உரு ஒன்றும் ஆங்கில உரு ஒன்றுமாக ஏறும். ஒரே ஆளுக்கு நான்கு அட்டையில் நான்கு பெயர்! கடவுச்சீட்டில் முதலெழுத்தை மட்டும் இட முடியாது, விரித்தெழுத வேண்டும். ஒற்றைப் பெயரோடு விட்டாலும் இடருண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அத்தகையோருக்குச் சுற்றுலா அனுமதி இல்லையென்றது. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரிருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கம் வந்தது.

இலங்கை செல்வோருக்கு ஒரு சொல். நம் பாட்டனார் காலத்தில் எழும்பூரில் ஒரே பயணச்சீட்டு வாங்கி, தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்பு சேர்ந்தனர். 1964 டிசம்பர்ப் புயல் அத்தடத்தை அழித்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடத் தொடங்கினர். அங்கே வாக்காளர் அட்டை உதவாது; கடவுச்சீட்டு வேண்டும். பெரியோருக்கு அது பத்தாண்டு செல்லும் என்றாலும், இறுதி ஆறு திங்களை நம்பிப் பயணம் வகுக்கலாகாது. பல நாடுகள் அவ்வளவு காலம் எஞ்சியிருக்க வேண்டுமெனக் கேட்கின்றன. எம்மைப் போன்ற அரசுப் பணியாளர்கள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்குமுன் அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். வெளிநாடு செல்லும் விடுப்புக்குத் தனியே இசைவும் பெற வேண்டும். இதில் சோம்பலாகாது.

ஊர் திரும்பியதும் யாம் செய்த முதல் வேலை, எல்லா அட்டைகளையும் தரையில் பரப்பி, மகளின் பள்ளிச் சான்றிதழை நடுவில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டதுதான். ஆதாரைத் திருத்த இரண்டு முறை நடந்தோம். அதன் பிறகே அவளுக்குக் கடவுச்சீட்டு கேட்டு விண்ணப்பித்தோம். அலுவலகத்தில் பெயர் பதியும்போது யாம் வாய் திறக்கவில்லை. 'இசட்', 'எச்' என்று அவளே எழுத்தெழுத்தாகச் சொன்னாள். திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, ஒருமுறை படித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிட்டாள்.