உயர்பதவியும் உரிய தொழிலும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற திங்களில் பெருநகரத்துப் புகழ்வாய்ந்த பள்ளியொன்றினின்றும் எமக்கு ஒரு கடிதம் வந்தது. தலைமையாசிரியர் பதவியை ஏற்குமாறு அதன் ஆட்சியாளர் அழைத்திருந்தனர். ஊதியம் யாம் இப்பொழுது பெறுவதினும் இருமடங்கு. குடியிருக்க வீடும் உண்டு. யாம் ஐயுற்று நின்றதைக் கண்ட பெரியவரொருவர், "வலிய வந்த சீதேவியைக் காலால் தள்ளலாமோ?" என்று கடிந்தனர். அவர் வினவியது முறையே. ஆதலின் யாம் ஆராய்ந்த வகையை ஈண்டுக் கூறுதும்.

ஹாலந்து தேசத்தில் ஸ்பினோசா என்னும் தத்துவஞானி இருந்தார். கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துச் செப்பனிடுதல் அவர் கைத்தொழில். 1673-ஆம் ஆண்டில் ஜெர்மன் நாட்டுச் சிற்றரசர் கார்ல் லூட்விக் என்பார், ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக அமருமாறு அவரை அழைப்பித்தார். ஆராய்ச்சிக்கு முழு உரிமை உண்டென்றும், நாட்டில் நிலைபெற்ற சமயத்தைக் கலக்க அவ்வுரிமையை அவர் பயன்படுத்தாரென நம்புவதாகவும் கடிதத்திற் கண்டிருந்தது. ஸ்பினோசா நன்கு எண்ணிப் பணிவுடன் மறுத்தெழுதினார். இளைஞர்க்குப் பாடஞ் சொல்லப் புகின் தம் ஆராய்ச்சி தடைப்படும் என்பது ஒரு காரணம்; அவ்வுரிமையின் எல்லை யாதெனத் தமக்கு விளங்கவில்லை என்பது மற்றொன்று. 1677-ல் அவர் காலமானார். அவ்வாண்டிலேயே 'எதிக்கா' என்னும் அவரது பெருநூலை நண்பர்கள் வெளியிட்டனர்.

அவர் மனைவி மக்களில்லாதவர். இல்லறத்தார்க்கு அவர் வழி ஒவ்வுமோ எனின், திருச்சிராப்பள்ளியிற் பிறந்த ஸர் சி. வி. இராமன் இல்லறத்தாரே. அவர் 1907 முதல் அரசாங்க நிதி இலாகாவில் உயர்பதவி வகித்தவர். 1917-ல் அதனைத் துறந்து, குறைந்த ஊதியத்திற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அலுவல் போக எஞ்சிய பொழுதிற் செய்துவந்த ஆராய்ச்சி அதன்பின் அவர்க்கு உரிய தொழிலாயிற்று. 1930-ல் நோபெல் பரிசு பெற்றார்.

இவ்விருவர் செயலாலும் யாம் அறிந்தது ஒன்று. பதவி எத்துணை உயர்ந்தது என்பதன்று வினா. அது நம் கையினின்று எத்தொழிலை வாங்கிக்கொள்ளும் என்பதே வினா. எமக்கு வந்த பதவியில் வகுப்பில்லை. கணக்கும் கட்டடமும் கடிதப் போக்குவரத்துமே உண்டு. இருபதாண்டுகளாகப் பிள்ளைகட்கு இலக்கணமும் இலக்கியமும் பயிற்றியதன்றி யாம் வேறொன்றும் செம்மையாகக் கற்றிலோம்.

எனினும், கடனாளியொருவன் மனைவி மக்கள் வருந்த வந்த ஊதியத்தைத் தள்ளுதல் துறவன்று, செருக்கே. ஆதலின் எம் இல்லாளையும், அடுத்த ஆண்டு கல்லூரி புகவிருக்கும் மகளையும் கலந்தோம். இல்லாள், "இருப்பதைக் கொண்டு நடத்தலாம். ஆனால், எங்களுக்காகத் தியாகம் செய்ததாகவோ, எங்களால் இழந்ததாகவோ பின்னர்ச் சொல்லிக்காட்டலாகாது" என்றனள். அச்சொல் எம்மை உறுத்தியது. புதிய ஊருக்கும் பொறுப்புக்கும் அஞ்சி, அவ்வச்சத்திற்குத் தொழிற்பற்று என்று பெயரிடுகின்றோமோ என மூன்றிரவு எம்மையே வினவினோம். அச்சம் சிறிது உண்டென்பதை மறைக்கிலோம். ஆயினும், வகுப்பை விட்டுப் பிரிதலே பெருந்துயராகத் தோன்றியது. நான்காம் நாள் நன்றி கூறி மறுத்தெழுதினோம்.

இளைஞர்காள்! வருகின்ற பதவிகளையெல்லாம் மறுமின் என்று யாம் கூறவில்லை. உமக்குரிய தொழிலைப் பெருக்கும் பதவியாயின் மகிழ்ந்து ஏற்பீராக. அதனைப் பறிப்பதாயின், வீட்டாரைக் கலந்து, அச்சமும் செருக்கும் நீக்கி முடிவு செய்வீராக. முடிவு செய்தபின் பிறர்மேற் பழி கூறாதிருப்பீராக.