கடைவரம்பு யாரு?

போன எபிசோட்ல காவிரி பற்றிப் பேசினோம். அதைக் கேட்டுட்டு, "உன் ஊர்ல ரெண்டு பருவமழையும் பெய்யுது, உனக்கென்ன கவலை?"னு ஒருத்தர் மெசேஜ் போட்டிருந்தார். நான் நாகர்கோவில் பக்கம். வெளியில இருந்து பார்த்தா எல்லாம் பச்சைதான். ஆனா இங்கேயும் ரெண்டு தண்ணீர்ச் சண்டை இருக்கு. ஒண்ணுல நாங்க கேட்கிற ஆளு, இன்னொண்ணுல கொடுக்கிற ஆளு.

முதல்ல கேட்கிற கதை. நெய்யாறு அணை கேரளாவில் இருக்கு. அதோட இடதுகரை சானல் எல்லை தாண்டி விளவங்கோடு பக்கம் வருது. 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தப்போ, ஒரே பாசனப் பகுதிக்கு நடுவுல மாநில எல்லை விழுந்தது. அப்புறமும் பல வருஷம் தண்ணி வந்தது. 2004-ல் கேரளா நிறுத்திட்டது. சுமார் 9,200 ஏக்கர் பாசனம் போச்சு. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான நதியே இல்லைங்கிறது கேரளாவின் வாதம். 2012-ல் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இப்போ கொடுக்கிற கதை. பேச்சிப்பாறை அணை திருவிதாங்கூர் காலத்துல, 1906-ல் கட்டி முடிச்சது. அப்புறம் பெருஞ்சாணி, ரெண்டு சிற்றாறு அணைகள். இந்தக் கோதையாறு பாசனம் மொத்தம் 79,000 ஏக்கர். தோவாளைச் சானல்ல இருந்து நிலப்பாறையில் பிரியிற ராதாபுரம் கால்வாய், திருநெல்வேலி மாவட்டத்துக்குப் போகுது. அங்க 52 குளங்கள், 17,000 ஏக்கர். வறண்ட பூமி. அணை மட்டம் இறங்கினா இங்க டீக்கடைப் பேச்சு ஒண்ணுதான்: "நம்ம வயலே காயுது, அவனுக்கு எதுக்கு?"

நானும் அதையே வீட்டுல சொன்னேன். எங்க பாட்டா நிமிர்ந்து பார்த்தார். "நெய்யாத்துல கேரளாக்காரன் சொன்னதத்தானேலே நீயும் சொல்லுக?"

அதை அவர் சொன்னதுதான் பெரிசு. அவரோட வயல் சானலோட கடைவரம்புல இருந்தது. ஒரு கும்பப்பூவுக்கு, கதிர் வர்ற நேரத்துல கடைசி ஒரு நனைப்பு வரலை. அத்தனையும் பதர். அடுத்த வருஷம் வித்துட்டார். இன்னிக்கு அங்க வீட்டு மனை. தண்ணி வராத வலி தெரிஞ்சதால, அதை இன்னொருத்தனுக்குக் கொடுக்க அவருக்கு மனசு வரலை.

என் வேலையில சர்வருக்கு லோடு ஏறினா யாருக்கு எவ்வளவு குறைக்கணும்னு முன்னாடியே எழுதி வெச்சிருப்போம். சிஸ்டம் படுத்த பிறகு உட்கார்ந்து பேச முடியாது. தண்ணிக்கும் அதுதான். அணை நிறைஞ்சிருக்கும்போதே பஞ்ச வருஷத்துக் கணக்கைப் பேசணும். மட்டம் இவ்வளவு இறங்கினா எல்லாருக்கும் இத்தனை பங்கு குறையும்னு எழுதணும். தினமும் எந்த மடையில எவ்வளவு போகுதுன்னு எல்லாரும் பார்க்கிற மாதிரி போடணும். சானலும் குளமும் தூர் வாரினா, அதே தண்ணி இன்னும் கொஞ்ச தூரம் போகும்.

உங்க வீட்டுக் குழாய்த் தண்ணி எந்த ஆத்துல இருந்து வருது? அந்த ஆத்துக்குக் கடைவரம்புல இருக்கிறது யாரு? கேட்டுட்டு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.