பங்குனியில் ஒரு மலைச்சாலை



ஆனி பிறந்து சாரல் விழுந்தால் மலைக்குக் கிளம்புவது நம் பக்கத்து வழக்கம். அருவி நிறைந்து கொட்டும்போது பார்ப்பதுதான் மலை என்று நமக்கு ஒரு நினைப்பு. இன்று உங்களைப் பங்குனி மாதத்தில் மலைக்கு அழைத்துப் போகிறேன். பின்பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும் நாட்கள் இவை. வானத்தில் பொட்டு மேகம் இருக்காது. தாமிரபரணியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல மாதம் கிடையாது என்று நான் நம்புகிறேன். ஏன் என்பதைப் போகிற வழியில் சொல்கிறேன்.

திருநெல்வேலியிலிருந்து மேற்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வழி நெடுகப் பிசான நெல் அறுவடை நடக்கிறது. அறுத்த வயலில் வெள்ளைக் கொக்குகள், சாலையோரம் வைக்கோல் வாசம். அம்பாசமுத்திரம் தாண்டியதும் மலை சுவர்போல எழுந்து நிற்கிறது. அதன் காலடியில் இருக்கிறது விக்கிரமசிங்கபுரம். இந்தப் பக்கத்தில் வி.கே.புரம் என்றுதான் சொல்வார்கள். சிவஞான மாபாடியம் எழுதிய மாதவச் சிவஞான முனிவர் பிறந்த ஊர். பாபநாசத்து உலகம்மையைப் பாடிய நமச்சிவாயக் கவிராயரின் ஊரும் இதுதான். பிறகு 1880களில் ஆர்வி சகோதரர்கள் இங்கே வந்தார்கள். மலையிலிருந்து இறங்கும் தண்ணீரின் விசையை நம்பி நூற்பாலை தொடங்கினார்கள். பல தலைமுறைகளுக்குச் சோறு போட்ட ஆலை அது. வி.கே.புரத்துக் கதையில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் ஆறுதான் முன்னால் வந்து நிற்கிறது.

ஊரைத் தாண்டினால் பாபநாசம். கோயிலுக்கு எதிரே படித்துறை. பொரி வாங்கித் தூவினால், கையளவு மீன்களும் முழங்கை நீள மீன்களும் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு வருகின்றன. அந்தச் சளசளப்பே ஒரு தனி ஒலி. தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனால் உள்ளே கால் வைத்தால் சில்லென்று ஏறுகிறது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம்கூடத் தெரிகிறது.

இங்கிருந்து சாலை ஏறுகிறது. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பதிவு செய்துகொண்டு, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் நுழைகிறோம். 1988-ல் அமைந்த இது, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் கீழே, வெகு ஆழத்தில், ஆறு மலையை அறுத்துக்கொண்டு போகிற பள்ளம். மழைக்காலத்தில் இந்தப் பள்ளம் நுரையும் இரைச்சலுமாக இருக்கும், உள்ளே ஒன்றும் தெரியாது. பங்குனியில் ஆறு தன் எலும்பைக் காட்டுகிறது. யானை படுத்ததுபோல வழுவழுப்பான பாறைகள். அவற்றில் உரல் குழி போல வட்ட வட்டமாகக் குழிகள். சுழலில் சிக்கிய உருளைக்கல் சுற்றிச் சுற்றிக் குடைந்த குழிகள் அவை. எத்தனை ஆயிரம் வெள்ளங்கள் வந்துபோயிருக்க வேண்டும்!

அகத்தியர் அருவி இந்த மாதத்திலும் விழுகிறது. அதற்கு மேலே கல்யாண தீர்த்தம். அகத்தியருக்குச் சிவபெருமான் திருமணக் கோலம் காட்டிய இடம் என்பது ஐதிகம். பாறை இடுக்கில் கரும்பச்சையாகத் தேங்கி நிற்கும் கசம், பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் சேரன்மாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர் 1925-ல் பாபநாசத்து அருவியில்தான் மறைந்தார். நீரில் விழுந்த மகளைக் காப்பாற்றக் குதித்தவர் திரும்பவில்லை. நேயர்களே, ஆறு ஒடுங்கியிருக்கும் நாளிலும் கசத்தில் இறங்காதீர்கள்.

இன்னும் மேலே முண்டந்துறை. தாமிரபரணிக்கும் சேர்வலாற்றுக்கும் நடுவே கிடக்கும் மேட்டுநிலம். இலை உதிர்த்த காடு வெயிலில் பழுப்பாகக் கிடக்க, நடுநடுவே முள்ளிலவு மரம் ஓர் இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கிறது. கீழே விழுந்த பூவைத் தின்ன மான்கள் வருகின்றன. ஆற்றங்கரையில் மட்டும் பச்சை. புங்க மரங்கள் புதுத்தளிர் விட்டு மினுங்குகின்றன. வண்டியை நிறுத்தினால் சில்வண்டின் ரீங்காரம் காதை நிறைக்கிறது. பக்கத்தில் சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்குப் பெருங்கூட்டம் கூடும் இடம் இன்று காற்றுக்கும் ஆற்றுக்கும் விட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. பட்டவராயன் சந்நிதியில் பக்தர்கள் நேர்ந்து கட்டிய தோல் செருப்புகள் தொங்குகின்றன.

சாலை முடிகிற இடம் காரையாறு. 143 அடி அணை. 1944-லிருந்து இங்கே தேங்கும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். சுற்றிலும் காணி மக்களின் குடியிருப்புகள். அணைக்கரையில் நின்றபோது வண்டி ஓட்டி வந்த பெரியவரிடம் கேட்டேன்.

“அண்ணாச்சி, தை மாசத்துக்கு அப்புறம் மழையே இல்லை. இப்பவும் ஆத்துல தண்ணி ஓடுதே, அணை இருக்கதாலதானா?”

“அணைக்கு யாரு தம்பி தண்ணி குடுக்கா?” என்றார் அவர். “மேல இருந்து இன்னும் வந்துக்கிட்டுதான இருக்கு. அது கார்த்திகையில பெய்ஞ்ச மழை. காடு பிடிச்சு வச்சிருக்கு.”

அவர் சொன்னதைக் கண்ணால் பார்க்க இன்னொரு சாலையில் ஏற வேண்டும். கல்லிடைக்குறிச்சி வழியாக மணிமுத்தாறு போய், அனுமதி வாங்கிக்கொண்டு மாஞ்சோலைச் சாலை. கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி முனகிக்கொண்டு ஏறுகிறது. கீழே மணிமுத்தாறு அணை ஒரு கண்ணாடித் துண்டாகச் சுருங்குகிறது. காய்ந்த காடு மெல்ல மெல்ல ஈரக்காடாக மாறுகிறது. மாஞ்சோலைக்கு மேலே காக்காச்சி. அங்கே காற்றின் வாசமே வேறு.

காக்காச்சிச் சோலைக்குள் நண்பகலிலும் அந்தி வெளிச்சம்தான். இளவேனில் இங்கே சிவப்பாக வருகிறது. நாங்கு மரத்தின் தளிர்கள் செம்பு நிறத்தில் தொங்குகின்றன. வெடிப்பலா மரத்தில், கிளையை ஒட்டியே கொத்துக் கொத்தாகப் பூக்கள். சதைப்பற்றுள்ள அந்தப் பூக்களைச் சிங்கவால் குரங்குகள் பறித்துத் தின்கின்றன. வேறு பழம் அதிகம் கிடைக்காத இந்த நாட்களில் அவற்றுக்கு அது பெரிய ஆதரவு.

குனிந்து தரையைத் தொட்டேன். மேலே சருகு. அதை விலக்கினால் மக்கிய கறுப்பு மண், விரலில் ஈரம் ஒட்டுகிறது. இந்தச் சோலையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பக்கத்து ஊர்களான நாலுமுக்கும் ஊத்தும் வடகிழக்குப் பருவத்தில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பதிவாகும் இடங்களில் சேரும். அவ்வளவு மழையையும் இலை தாங்கி, சருகு தாங்கி, வேர் வழியாக மண்ணுக்குள் இறக்குகிறது. பிறகு பாறை இடுக்கில் சொட்டுச் சொட்டாகக் கசிய விடுகிறது. ஒரு கசிவுக்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். பானையில் நீர் சொட்டுவது போன்ற ஒலி. காரையாற்றுக்கு மேலே உள்ள காடுகளிலும் இதே வேலைதான் நடக்கிறது.

சோலையை ஒட்டித் தேயிலைத் தோட்டம். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, காட்டைத் திருத்திப் போட்டது. 2024-ல் அங்கே வேலை நின்றது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பங்கள் மலையை விட்டு இறங்க நேர்ந்தது. இந்தக் காட்டுக்கு நாம் கடன்பட்டிருப்பதுபோல அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். அவர்களுடைய வாழ்வு கீழே நன்றாக வேரூன்ற வேண்டும்.

பொழுது சாயப் பாபநாசத்துக்குத் திரும்பினேன். படித்துறையில் பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். சிறுவன் ஒருவன் மிச்சப் பொரியை மீனுக்குக் கொட்டினான். இங்கிருந்து இந்த ஆறு எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி, 86,000 ஏக்கருக்கு மேல் பாய்ந்து, புன்னைக்காயலில் கடல் சேர்கிறது. நெல்லையிலும் தூத்துக்குடியிலும் இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலர் வீட்டுக் குடத்தில் இருப்பது இந்தத் தண்ணீர்தான்.

நேயர்களே, இந்த உரை முடிந்ததும் ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக் குடியுங்கள். நீங்கள் குடிப்பது கார்த்திகையில் பெய்த மழை. இத்தனை மாதம் அதை உங்களுக்காக வைத்திருந்தது ஒரு காடு.