ஐந்து டாலருக்குப் போன ஊர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான், அறுக்காம பேசு" என்று செயலாளர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் பேசப்போவது அமெரிக்காவில் ஒரு சின்ன ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்த மனிதரைப் பற்றி. இன்ஜினியருக்கு இது எதுக்கு என்று கேட்காதீங்க. கதையில் ஒரு இன்ஜினியரும் வருவார்.

ஆர்கன்சா மாநிலத்தில் ஹீபர் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு ஊர். சுற்றிலும் விவசாயிகள். அங்கே ஸ்டுடியோ வைத்திருந்தவர் மைக் மேயர். ஜெர்மானிய வம்சாவளி, 1884-இல் பிறந்தவர். மேயர் என்ற ஜெர்மன் பெயர் உழவுத் தொழிலோடு தொடர்புடையது. அவருக்கோ விவசாயமே ஆகாது. 1939-இல் சட்டப்படி தன் பெயரை 'டிஸ்பார்மர்' என்று மாற்றிக்கொண்டார். 'விவசாயி அல்லாதவன்' என்று பொருள் வரும்படி அவரே உண்டாக்கிய பெயர் அது. குழந்தையாக இருந்தபோது சூறாவளி தன்னைத் தூக்கிவந்து மேயர் வீட்டில் போட்டுவிட்டது என்றும் சொல்லிக்கொள்வார். கல்யாணம் இல்லை, ஸ்டுடியோவிலேயே வாசம். ஊரார் பார்வையில் அவர் ஒரு விசித்திரப் பேர்வழி.

ஆனால் தொழிலில் மனிதர் சுத்தம். நேர் வெயில் விழாமல் சீரான வெளிச்சம் வரவேண்டும் என்று ஸ்டுடியோவுக்கு வடக்குப் பார்த்த கண்ணாடி ஜன்னல் வைத்தார். ஃபிலிம் வந்து பரவிய பிறகும் கண்ணாடி பிளேட்டை விடவில்லை. பின்னால் வெறும் திரை. மாளிகை, பூந்தோட்டம் எல்லாம் கிடையாது. "கொஞ்சம் சிரிங்க" என்று கெஞ்சவும் மாட்டார். வயல் உடுப்போடு வந்த விவசாயி, கைகோர்த்து நிற்கும் அக்கா தங்கை, உலகப் போருக்குக் கிளம்பும் பட்டாளத்துப் பையன், எல்லோரும் உள்ளது உள்ளபடி நின்றார்கள். கூலி சொற்பம். அதற்காக யாருக்கும் வேலையில் குறை வைக்கவில்லை.

1959-இல் ஸ்டுடியோவிலேயே தனியாக இறந்துபோனார். பிறகு அங்கே கிடந்த சாமான்களை ஒருவர் விலைக்கு வாங்கினார். அவர்தான் நான் சொன்ன இன்ஜினியர். ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொடுத்த விலை எவ்வளவு தெரியுமா? ஐந்தே டாலர்! சுமார் 3000 கண்ணாடி நெகட்டிவ்கள் அதில் தப்பின. அவர் கலை விமர்சகர் அல்ல. இது குப்பைக்குப் போகக் கூடாது என்று நினைத்தார், எடுத்து வைத்தார். அவ்வளவுதான்.

பத்து வருஷத்துக்கும் மேல் அவை அப்படியே கிடந்தன. 1970-களில் பீட்டர் மில்லர் என்ற உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர் அவற்றைப் பெற்றுச் சுத்தம் செய்து, நியூயார்க்கில் புகைப்படப் பத்திரிகை நடத்திவந்த ஜூலியா ஸ்கல்லிக்கு அனுப்பினார். 1976-இல் புத்தகம் வந்தது. இன்று அமெரிக்காவின் சிறந்த உருவப்படக் கலைஞர்களில் டிஸ்பார்மரும் ஒருவர். அவருக்குத்தான் அது தெரியாமலே போயிற்று.

தம்பி தங்கைகளே, சின்ன ஊரில் வேலை கிடைத்தால் வாழ்க்கையே போச்சு என்று நினைக்காதீங்க. ஊர்தான் சின்னது, செய்கிற வேலையைச் சின்னதாக்குவதும் பெரிதாக்குவதும் நம் கையில்.

என் வயது நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். எத்தனையோ ஊர்களில் ஸ்டுடியோக்கள் மூடப்பட்டுவிட்டன. நெகட்டிவ் பெட்டிகள் பழைய சாமான் கடைக்குப் போகின்றன. நம் குரூப் போட்டோக்களை எடுத்தவர்களையும் அவர்கள் குடும்பத்தாரையும் தேடிப் போய், இருப்பதைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து, பெயர்களை எழுதிக் கல்லூரி நூலகத்தில் வைப்போம். முகத்துக்குப் பெயர் சொல்லக்கூடிய பேராசிரியர்கள் நம்மோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும். என் வகுப்புப் படங்களுக்கு நான் பொறுப்பு. மற்ற வகுப்புகளுக்கு யார் யார் என்று சாப்பாட்டு நேரத்தில் வந்து சொல்லுங்க.