களாச்செடி

கேக்கின் மேல் சிவப்பாக ஒரு 'செர்ரி' வைக்கிறார்களே, அது பல கடைகளில் செர்ரியே அல்ல. விதை நீக்கி, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்!

களா நம் மண்ணின் புதர்ச்செடி. கோடையிலும் பச்சையாகவே நிற்கும். காயைப் பறித்தால் காம்பில் வெள்ளைப் பால் துளிர்த்து விரலில் பிசுபிசுக்கும். பச்சைக் காய் சிவந்து, பழுத்ததும் கறுத்துவிடும். புறநானூற்றில் பரணர் யாழின் கரிய தண்டுக்கு இந்தப் பழத்தைத்தான் உவமை சொன்னார்.

புளிப்பான இளங்காய் ஊறுகாய்க்கென்றே பிறந்தது. இரண்டாகப் பிளந்து, விதையை எடுத்துவிட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி, நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுங்கள். தயிர்சாதத்துக்கு வேறெதுவும் வேண்டாம். பெக்டின் மிகுந்த காய் என்பதால் ஜெல்லியும் நன்றாக இறுகும். வேலியாக நட்டால், இதன் கூரிய முள் ஆடு மாடுகளை அண்டவிடாது.

இத்தனை தரும் உயிர்வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் காசு கொடுத்துக் கம்பிவேலி போடுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. தோட்டத்தின் ஓரத்தில் இடமிருந்தால், இந்த மழைக்காலத்தில் நாலு களாக் கன்று நட்டு வையுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றினால் போதும்.